ஏழாம் வருட மாசி

"ஏழாம் வருசம் மாசி மாதம் என்னையும் பிள்ளையளையும் விட்டுட்டுப் போறியள். முதல்ல அதுக்கு மறுமொழி சொல்லுங்கோ!"

"நான் இன்னும் வரவே இல்லையேயப்பா! வராதவன் எப்பிடிப் போறது?"

"கடிதத்தில கிடக்கு."

"கடிதத்தில ஆயிரம் கிடக்கும். நீர் கட்டினது என்னையோ, அந்தக் கடிதத்தையோ?"

"கத்தாதேங்கோ. சுவருக்கு அங்கால செல்வராணியக்கா நிக்கிறா."

"நிக்கட்டும்! அவவுக்கும் சேர்த்துத்தான் கத்துறன்!"

சுவருக்கு அங்கால் செல்வராணி அக்கா உண்மையாகவே நின்றார். அந்தக் கட்டடத்தின் பதினாலாம் மாடியில் எந்த வீட்டுக் குழம்பு அடிப்பிடித்தது, எந்த வீட்டு மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு காருக்குள் படுத்தார் என்பதையெல்லாம் நாள் நட்சத்திரத்தோடு சொல்லக்கூடியவர் அவர். ஆனால் இந்தச் சண்டை அவருக்கே புதிது. நடந்த காரியத்துக்குச் சண்டை பிடிக்கிற புருசன் பெண்சாதியை எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறார். இன்னும் ஏழு வருசம் கழித்து நடக்கப்போகிற காரியத்துக்கு, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே மேசையில் அடித்துச் சண்டை பிடிக்கிற சோடியை இப்போதுதான் காண்கிறார். காண்கிறார் என்ன, கேட்கிறார்.

மேசையில் அடித்தவள் நிரோஜினி. வயோதிபர் இல்லத்தில் வேலை, வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் அக்சராவுக்குப் பதின்மூன்று, இளையவள் மிதுனாவுக்கு ஏழு. சுவர்த் திரையில் நெஞ்சுக்கு மேலே மட்டும் தெரிந்துகொண்டு கத்தியவன் அவள் புருசன் மயூரதன். புலோலியில் வீடு, நெல்லியடியில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிற கடை. நிரோஜினி வேலை அனுமதியில் இந்தக் குளிர்தேசத்துக்கு வந்து ஆறு வருடம். முதல் மூன்று வருடம் பிள்ளைகளைத் தகப்பன் வளர்த்தான். பிறகு அவள் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வந்தாள். அடுத்த மூன்று வருடம் இவள் வளர்க்கிறாள். தகப்பனைக் கூப்பிடுகிற நேரம் பார்த்து முன்னோட்டச் சட்டம் வந்து குறுக்கே படுத்துக்கொண்டது.

அதற்கு முன்பெல்லாம் புருசனையோ பெண்சாதியையோ கூப்பிடுவதென்றால் கலியாண அல்பமும் நாலைந்து ரெலிபோன் பதிவும் போதும். கள்ளக் கலியாணம் கூடிவிட்டது என்று சொல்லி, அரசாங்கம் அல்பத்தைத் தள்ளிவிட்டு ஒரு கணினியை முன்னுக்கு வைத்தது. அது எதிர்காலத்தைப் பார்த்துச் சொல்லும் என்றார்கள். எங்கள் ஆட்களுக்கு அதில் பெரிய அதிசயம் இல்லை. சாத்திரியார் பார்த்ததை இனிச் சர்க்கார் பார்க்கும், அவ்வளவுதானே என்றார்கள். ஆனால் சாத்திரியார் பொருத்தமில்லை என்றால் இன்னொரு சாத்திரியாரிடம் போகலாம். இதற்கு வேறு கதவு இல்லை.

"வையுங்கோ ரெலிபோனை. நான் லோயரிட்டப் போறன்" என்றாள் நிரோஜினி.

"போம். போய், வராதவன் எப்பிடிப் போறதெண்டு அந்த லோயரிட்டயும் கேளும்" என்றான் மயூரதன். திரை அணைந்தது.

லோயர் ஆரணியின் அலுவலகம் ஒரு கொத்துரொட்டிக் கடைக்கு மேலே. அங்கே எந்தக் கவலையைச் சொன்னாலும் கீழேயிருந்து தட்டகப்பைகள் தாளம் போடும். ஆரணிக்கு முப்பது வயதுகூட இருக்காது. இங்கேயே பிறந்தவள், தமிழைத் தாயிடம் படித்தவள். விசா இல்லையென்று வந்த கடிதத்தை ஒருதரம் வாசித்துவிட்டு மேசையில் வைத்தாள்.

"அக்கா, உங்கட நாலு வருசத்து ரெலிபோன் கதை, நீங்கள் நிரப்பிக் குடுத்த நானூறு கேள்வி, ஆஸ்பத்திரிப் பதிவு, பள்ளிக்கூடப் பதிவு எல்லாத்தையும் வைச்சு உங்களை மாதிரி ஒரு ஆளைக் கணினிக்குள்ள செய்யினம். மயூரதன் அண்ணையை மாதிரியும் ஒரு ஆள். ரெண்டு பேரையும் பத்து வருசம் குடும்பம் நடத்த விடுவினம்."

"பொம்மைக் கலியாணம் மாதிரியோ?"

"அப்பிடியே வைச்சுக்கொள்ளுங்கோ. எங்களுக்கு ஒரு பின்னேரம், பொம்மையளுக்குப் பத்து வருசம். அப்பிடி ஆயிரம் தரம்."

"ஆயிரம் தரம் அந்த மனுசனோடயோ?" என்றாள் நிரோஜினி. ஆரணி சிரிக்கவில்லை.

"அறுநூறு தரமாவது பத்து வருசம் சேர்ந்திருந்தால் விசா. உங்கட பொம்மையள் சேர்ந்திருந்தது முந்நூற்றியெழுபது தரம். மிச்சத்தில முக்கால்வாசி ஏழாம் வருசம் மாசியில பிரிஞ்சு போச்சு."

"அதென்ன மாசி?"

"பனி கூடின மாசம். இந்த நாட்டில எல்லாப் பொம்மையும் மாசியிலதான் பிரியும்."

"வேற பொம்பிளையோ?"

"அப்பிடி இருந்தால் எனக்கு லேசு. காரணம் 'மறைப்பு' எண்டு போட்டிருக்கு." ஆரணி ஒரு தாளை எடுத்தாள். "போன வருசம் ஐப்பசி. கையில கொதியெண்ணெய் பட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறியள். அண்டைக்குப் பின்னேரம் அண்ணையோட நாற்பது நிமிசம் கதைச்சிருக்கிறியள். கையைப் பற்றி ஒரு சொல்லில்லை."

"கையை மேசைக்குக் கீழ வைச்சிருந்தனான்" என்றாள் நிரோஜினி. குரலில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

"ஏன் சொல்லேல்ல?"

"சொல்லி? அவர் அங்கயிருந்து எண்ணெயை உறிஞ்சி எடுக்கிறதோ? சும்மா கிடந்து யோசிப்பார்."

"இப்பிடி உங்கட பக்கம் நூற்றியெண்பத்தேழு. அண்ணையின்ர பக்கம் இருநூற்றிப் பதின்மூண்டு."

"அவருக்கு இருநூற்றிப் பதின்மூண்டோ!" நிரோஜினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்ன பொய்யள் சொன்னவராம்?"

"அது எனக்கும் தெரியாது. உங்கட பக்கத்துத் தாள்தான் எனக்குத் தருவினம். அக்கா, உங்கட நூற்றியெண்பத்தேழும் பொய்தானே?"

"என்ர பொய்யில்லைப் பிள்ளை. நான் சொல்லேல்ல, அவ்வளவுதான்."

"மெஷினுக்கு ரெண்டும் ஒண்டுதான்."

இந்த இடத்தில் அந்தக் கணினியைச் செய்தவர்களைப் பார்த்துக் கொஞ்சம் பரிதாபப்படலாம். அவர்கள் சளித் தடிமன் வந்தாலும் ஊருக்கு அறிவிக்கிற சாதி. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்குக் கெட்ட செய்தியைச் சொல்லுவது பாவம் என்று நினைக்கிற சனத்தை அவர்கள் கண்டதில்லை. பதினாலாம் மாடியில் யாருடைய தாய் தகப்பன் ஊரில் செத்தாலும் முதல் நாள் "கொஞ்சம் சுகமில்லை." இரண்டாம் நாள் "ஆஸ்பத்திரியில வைச்சிருக்கு." மூன்றாம் நாள் நாலு பேர் சோற்றுப் பார்சலோடு வந்து கதிரையில் இருந்தால்தான் விசயம். செல்வராணி அக்காவின் தம்பி ஊரில் மோட்டார் சைக்கிளில் அடிபட்டுச் செத்தபோது, அக்காவுக்கு நெஞ்சில் வருத்தம், தாங்கமாட்டார் என்று சொல்லி மாடி முழுவதும் எட்டு நாள் மூடி வைத்தது. அந்த எட்டு நாளும் நிரோஜினி அவர் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்து, அவருடைய பகிடிகளுக்குச் சிரித்துவிட்டு வந்தாள். அதை அன்பு என்றுதான் அங்கே எல்லோரும் சொல்வார்கள். கணினி அதற்கு வேறு பெயர் வைத்திருந்தது.

"ஆர் ஆரை விட்டுப் போறதெண்டு போட்டிருக்கோ?" என்று கேட்டாள் நிரோஜினி.

"இல்லை. முழு அறிக்கை கடைசியிலதான் தருவினம்."

"அது கேக்கவும் வேணுமோ? போறது ஆம்பிளையள்தானே."

மேன்முறையீட்டுக்கு ஒரு வழிதான் இருந்தது. முப்பது நாளுக்குள் 'திறப்பு' என்று ஒரு அமர்வு. இவள் இங்கே, அவன் கொழும்பில், நடுவில் ஒரு அதிகாரி. மறைத்ததையெல்லாம் முதல் முறையாக அங்கே வைத்துச் சொல்லவேண்டும். கையில் ஒரு பட்டி கட்டுவார்கள். முன்கூட்டியே பேசி ஒத்திகை பார்த்துவிட்டு வந்தால் பட்டி காட்டிக்கொடுத்துவிடும். பெரிய விசயம் ஒன்றையாவது விழுங்கினாலும் கோப்பு மூடப்படும். திரும்ப விண்ணப்பிக்க ஐந்து வருடம்.

ஐந்து வருடத்தில் அக்சராவுக்குப் பதினெட்டு. மிதுனா இப்போதே தகப்பனைச் 'சுவர் அப்பா' என்றுதான் சொல்லுகிறாள்.

"பெரிய விசயம் ஏதும் இருக்கோ அக்கா?" ஆரணி மெதுவாகக் கேட்டாள். "எனக்குச் சொல்லவேண்டாம். இருக்கோ, இல்லையோ?"

கீழே தட்டகப்பைகள் அடித்தன. நிரோஜினி கைப்பையின் சிப்பை இழுத்து மூடினாள்.

"இருக்கு" என்றாள்.

அந்த முப்பது நாளும் நிரோஜினி பட்டபாடு நெருப்பில் நின்றவளின் பாடு. தினமும் பின்னேரம் திரையில் மயூரதன் வந்தான். இருவரும் கதைக்கப் பயந்தார்கள். "சாப்பிட்டாச்சோ?" "ஓம்." "அங்க குளிரோ?" "குளிர்தான்." வானிலை அறிக்கை வாசிக்கிறவர்கள்கூட இதைவிட அன்னியோன்னியமாக இருப்பார்கள். இருநூற்றிப் பதின்மூன்று என்ற எண் அவள் மண்டைக்குள் குளவிபோல் சுற்றியது. நெல்லியடிக் கடையில் கணக்கு எழுதவென்று ஒரு பெட்டை வந்திருப்பதாக எப்போதோ சொன்னானே? அவளுடைய பெயரைச் சொல்லும்போது ஏன் தண்ணீர் குடித்தான்? ஏன் எப்போதும் மேசைக்குப் பின்னால் கதிரையில் இருந்தபடியே கதைக்கிறான்? பக்கத்தில் யாரும் நிற்கிறார்களோ?

அதைவிட மோசமான அடையாளம் ஒன்று இருந்தது. செல்வராணி அக்கா வருவதை நிறுத்திவிட்டார்.

தேத்தண்ணிக் கோப்பையைத் திருப்பித் தருகிற சாட்டில் நாளுக்கு இரண்டு தரம் வருகிறவர். லிஃப்டில் கண்டாலும் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, எதிர்முனையில் யாரும் இல்லாமலே "ஓமோம்" என்றார். செல்வராணி அக்காவின் தங்கச்சி வீடும் புலோலியில், மயூரதன் வீட்டு ஒழுங்கையில்தான். நிரோஜினி ஒரு வியாழக்கிழமை அவரைக் கீழ்த்தளத்தில், உடுப்புத் தோய்க்கும் அறையில் பிடித்தாள். மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது, உடுப்பை விட்டுவிட்டு ஓட முடியாது.

"அக்கா, உங்களுக்குத் தெரியும்."

"எனக்கென்ன பிள்ளை தெரியும்? நான் வாயில்லாப் பூச்சி."

இதைக் கேட்டு உடுப்பு மெஷினே ஒருதரம் நின்று சுற்றியிருக்கும்.

"அவருக்கு அங்க ஆரும் இருக்கினமோ?"

செல்வராணி அக்கா கையிலிருந்த போர்வையை நாலாக மடித்தார். பிறகு விரித்தார். "வேற ஆக்களில்லை. என்ர பிள்ளையளாணை. அதை மட்டும் சொல்லுவன்."

"அப்ப வேற என்ன?"

"நிரோ, என்ர தம்பி செத்த எட்டு நாளும் நீ வந்து என்னோட சிரிச்சனியெல்லே. அண்டைக்கு நீ சொல்லியிருந்தால் நான் உன்னைக் கொன்றிருப்பன். ஒன்பதாம் நாள், ஏனடி சொல்லேல்ல எண்டு கொல்ல வந்தனான்." மூக்கைப் போர்வையில் துடைத்தார். "எனக்கு எந்த நாள் சொல்லுறதெண்டு தெரியேல்ல. விடு."

அவளுக்கு அன்றிலிருந்து பெண் பற்றிய பயம் போய், பெயரில்லாத பயம் பிடித்தது.

திறப்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அறையில் ஒரு மேசை, தண்ணீர்ச் சாடி, மேசையோடு ஒட்டிவைத்த கண்ணீர்த்தாள் பெட்டி. அதிகாரி ஓவன் செம்பட்டைத் தலை இளைஞன். காதுக்குள் மொழிபெயர்ப்புக் கருவி. நிரோஜினியின் பக்கத்தில் ஆரணி. எதிர்த் திரையில் கொழும்பு அறை. அங்கேயும் ஒரு மேசை, அதற்கு மேலே நெஞ்சுவரை மயூரதன். பஸ்ஸில் வந்த கசங்கல் சேட்டில் தெரிந்தது.

"சின்னதுகளில் தொடங்கலாம்" என்றான் ஓவன்.

நிரோஜினி எண்ணெய்க் கொப்புளத்தைச் சொன்னாள். இடையில் இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்ததைச் சொன்னாள். அவன் ஆசையாக அனுப்பிய பச்சைச் சேலை செல்வராணி அக்காவின் அலுமாரியில் இருப்பதைச் சொன்னாள்.

"அவவுக்கோ குடுத்தனீர்!"

"நிறம் சரியில்லையப்பா."

மயூரதன் பெருமூச்சு விட்டான். "சரி. நான் ஒண்டு சொல்லுறன். பிள்ளையள் ரெலிபோனில கொஞ்சுற நாய் வீமன் இல்லை."

"என்ன?"

"வீமன் போன வைகாசி செத்துப்போச்சு. இது சந்தியில பிடிச்சது. அதே நிறம்."

"அதுதான் வால் கட்டையாக் கிடந்ததோ! பனிக்கு உதிர்ந்ததெண்டு சொன்னனீங்கள்!"

"புலோலியில எங்கயப்பா பனி? நீரும் நம்பினனீர்."

ஓவன் காதுக் கருவியைத் தட்டிப் பார்த்துக்கொண்டான். ஆரணி அவனுக்கு ஆங்கிலத்தில் நாய்ச் சரித்திரத்தை விளக்கினாள். இப்படியே ஒரு மணித்தியாலம் போனது. பிறகு நிரோஜினி தண்ணீர் ஊற்றினாள், குடிக்கவில்லை.

"ரெண்டு வருசத்துக்கு முதல், தையில" என்றாள். "மிதுனா பள்ளிக்கூட முகாமுக்குப் போயிருக்கிறாள் எண்டு சொன்னனான்."

"ஓம். பதினொரு நாள்."

"முகாம் இல்லை. எனக்கு அப்ப விடிய அஞ்சு மணிக்கு வேலை. பிள்ளையளைப் படுக்கையில விட்டுட்டு, கதவைப் பூட்டிப்போட்டுப் போறனான். ஏழு மணிக்கு அக்சரா எழும்பித் தங்கச்சியை வெளிக்கிடுத்துவாள். ஆரிட்டச் சொல்லுறது, ஆரை வைக்கிறது? அண்டைக்கு இவள் முதல் எழும்பியிட்டாள். என்னைத் தேடி, பூட்டைத் திறந்து, இரவு உடுப்போட கீழ இறங்கி, வாசலுக்கு வெளியில போயிட்டாள். பனியில வெறுங்காலோட நிண்டிருக்கிறாள். பஸ்காரன் ஒருத்தன் கண்டு பொலிசுக்கு அடிச்சவன்." அவள் குரல் உடையவில்லை; அதுதான் கேட்பதற்குப் பயமாக இருந்தது. "பிள்ளையைக் கொண்டு போயிட்டினம். பதினொரு நாள் வேற ஒரு வீட்டில வைச்சிருந்தவை. அக்சராவை செல்வராணியக்கா பொறுப்பெடுத்தவ. பிறகு கோட்டில கதைச்சு, வேலை நேரத்தை மாத்தித்தான் திருப்பித் தந்தவை."

திரையில் மயூரதனின் கையிலிருந்த பட்டியின் விளக்கு மட்டும் துடித்தது.

"அந்தப் பதினொரு நாளும் நான் உம்மட்டக் கேட்டனான், முகாமில பிள்ளைக்குச் சாப்பாடு பிடிக்குதாமோ எண்டு."

"ஓம்."

"மீன் பொரியல் குடுக்கினமாம், ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டவளாம் எண்டனீர்."

"ஓம்."

"அதை எங்கயிருந்து எடுத்தனீர்?"

"யோசிச்சு எடுத்தனான்."

ஓவன் வாய் திறக்கப் போனான். ஆரணி கையைக் காட்டித் தடுத்தாள்.

"அந்தப் பதினொரு நாளும்" என்றான் மயூரதன், "நீர் சாப்பிட்டனீரோ?"

ஏசுவான் என்று எண்ணித்தான் நிரோஜினி இரண்டு வருடம் ஆயத்தம் செய்து வைத்திருந்தாள். இந்தக் கேள்விக்கு அவளிடம் ஆயத்தம் இல்லை. கண்ணீர்த்தாள் பெட்டி மேசையோடு ஒட்டியிருந்ததால் அவள்தான் அதை நோக்கிக் குனியவேண்டியிருந்தது.

கொஞ்சம் ஆறிய பிறகு மயூரதன் சொன்னான்: "நான் எழும்பவேணும்."

ஓவன் தலையாட்டினான். மயூரதன் கதிரையைப் பின்னால் தள்ளி, மேசையைப் பிடித்து எழுந்தான். பின்னால் நடந்தான். ஒரு அடி, இன்னொரு அடி. திரைக்குள் இடுப்புத் தெரிந்தது, முழங்கால் தெரிந்தது. நிரோஜினி தன் புருசனை முழு ஆளாகக் கண்டு மூன்று வருடம். அவன் குனிந்து வலது காற்சட்டையைச் சுருட்டினான். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண். அதற்குக் கீழே சதை இல்லை; மண்ணிறத்தில் ஒரு பொய்க்கால்.

"ஆணி ஒண்டு ஏறினது" என்றான். "பம்புக் கிடங்கில. சின்ன ஆணிதான். எனக்குச் சீனி வருத்தம் இருக்கெண்டு அதுவரைக்கும் தெரியாது. ரெண்டு வருசமும் மூண்டு மாசமும்."

அவள் காலைப் பார்க்கவில்லை. அதன் நுனியில் இருந்ததைப் பார்த்தாள்.

"நான் அனுப்பின சப்பாத்து."

"ஓம்."

"போன பிறந்தநாளுக்கு செல்வராணியக்காவின்ர தங்கச்சியிட்டக் குடுத்துவிட்டது. அளவு சரியோ எண்டு கேட்டனான்."

"சரி எண்டனான். சரிதான். ஒண்டு எனக்கு, மற்றது இதுக்கு. ரெண்டுக்கும் அளவு சரி."

முதலில் அவள் சிரித்தாள் என்றுதான் ஆரணி பின்னாளில் சொன்னாள். பிறகுதான் தொடங்கியது. "கடைக்கு ஆர் போறது? கிணத்தடிக்கு எப்பிடிப் போறனீங்கள்? புண்ணுக்கு மருந்து கட்டினது ஆர்? விசர் மனுசா, மாத்திரை போடுறனீங்களோ இல்லையோ? உங்கட அம்மாவின்ர செத்தவீட்டுக்கு எப்பிடி நடந்து போனனீங்கள்?" அவள் கத்த, அவனும் கத்தினான். "பிள்ளையைப் பூட்டிப்போட்டுப் போனவர் என்னைக் கேக்க வந்திட்டீர்! ஒரு சொல் சொல்லியிருந்தால் அம்மாவின்ர நகையை வித்தாவது ஆள் வைச்சிருப்பனே!"

ஓவன் கலவரப்பட்டு அமர்வை நிறுத்தக் கையை நீட்டினான்.

"வேண்டாம்" என்றாள் ஆரணி. "இப்பதான் நல்லாப் போகுது."

திறந்ததையும் சேர்த்துக் கணினி பொம்மைகளைத் திரும்ப ஓட்டிய மறு ஓட்டத்தின் முடிவு ஒன்பது நாளில் வந்தது. ஆயிரத்தில் அறுநூற்றிப் பதினொன்று. மயிரிழை என்றாலும் விசா விசாதான். மிச்சம் முந்நூற்றி எண்பத்தொன்பது பொம்மைச் சோடிகள் இப்போதும் பிரிந்துதான் போயின. அனேகமாக அதே ஏழாம் வருட மாசியில். அதைப் பற்றி அன்று யார் யோசித்தார்கள்? செல்வராணி அக்கா பாயாசம் காய்ச்சி மாடி முழுக்கக் கொடுத்தார். நிரோஜினிக்கு மட்டும் வாசலில் நின்று நீட்டினார். நிரோஜினி கோப்பையை வாங்கினாள். "உள்ளுக்கு வாங்கோ" என்றாள். அவ்வளவில் அந்த வழக்கு முடிந்தது.

முழு அறிக்கையும் அன்றுதான் வந்தது. நாற்பது பக்கம். முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி: *விலகிச் சென்றவர் — மனைவி. பிரிவில் முடிந்த ஓட்டங்களில் பத்துக்கு ஒன்பது.*

நிரோஜினி அதை மூன்று தரம் வாசித்தாள். ஏழாம் வருட மாசியில் பையைத் தூக்கிக்கொண்டு போவது அவன் இல்லை, அவள்.

ஆரணி ரெலிபோனில் கேட்டாள்: "அண்ணைக்குச் சொன்னனீங்களோ? ஒருத்தருக்கொருத்தர் ஒண்டும் மறைக்கிறேல்லையெண்டு கையெழுத்து வைச்சனீங்கள்."

"வந்து களைப்பு ஆறட்டும் பிள்ளை. இப்ப சொன்னால் யோசிப்பார்." அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து மடித்து, அரிசி வாளிக்கு அடியில் வைத்தாள்.

மயூரதன் பங்குனியில் வந்து இறங்கினான், இரண்டு காலிலும் அதே சப்பாத்தோடு. மிதுனா அவனுக்கு முன்னால் நின்று, கையால் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். சுவர் குளிர்ச்சியாக இருக்கும், இது சுடுகிறது என்றாள்.

பிறகு வந்த வருடங்கள் மற்றக் குடும்பங்களுக்கு வருகிற வருடங்கள்தான். வேலை, வருத்தம், பிள்ளைகளின் வாய்க்காட்டல், லிஃப்ட் பழுதான நாட்களில் ஒற்றைக் காலோடு பதினாலு மாடி. மாசி வந்தால் மட்டும் நிரோஜினி கலண்டரைப் பார்ப்பாள். ஏழாம் வருட மாசியில் பனி ஆளுயரம் கொட்டியது. அந்த மாதம் முழுவதும் மயூரதன் விடிய நாலு மணிக்கே எழும்பித் தேத்தண்ணி வைத்தான். பொல்லை ஊன்றிக்கொண்டு போய்க் காரின் பனியைத் தட்டினான். அவள் சுள்ளென்று விழுந்தால் மறுமொழி சொல்லாமல் வெங்காயம் வெட்டினான். "ஏன் இப்பிடி நல்லவரா இருக்கிறியள்? எனக்குப் பயமாக்கிடக்கு" என்று அவளே ஒருநாள் கேட்டுவிட்டாள்.

பங்குனி முதலாம் திகதி, பொய்க்காலுக்குப் போடும் மேசுக் காலுறைகளைப் பெட்டியில் அடுக்கப் போனபோது, அதன் அடியில் எட்டாய் மடித்த ஒரு தாள் கிடந்தது. முப்பத்தோராம் பக்கம். அவனுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறார்கள்.

"எப்ப தெரியும்?" என்று கேட்டாள்.

"விசா வந்த அண்டைக்கே."

"ஏன் சொல்லேல்ல?"

"சொன்னால் நீர் யோசிப்பீர்."

அவள் கையில் இருந்த மேசால் அவனுக்கு அடித்தாள். பிறகு போய் அரிசி வாளியைத் தூக்கினாள்.

அந்த மாசி பதினேழாம் திகதி, நிரோஜினி உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் வரை போய், மூன்று தரம் கதவு திறந்து மூடும்வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள் என்று பதினாலாம் மாடியில் ஒரு கதை உண்டு. கண்டவர் செல்வராணி அக்கா. மயூரதன் ஒருதரம் நேராகவே கேட்டுப் பார்த்தான். "அவள் உடுப்புத் தோய்க்கப் போனவளடா தம்பி, சில்லறையை மறந்திட்டு வந்தவள்" என்றார் அவர். தோய்க்கிற மெஷின் சில்லறை கேட்பதை விட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தது.

முன்னோட்டச் சட்டம் அதற்கு முன்பே செத்துவிட்டது. ஒரு அமைச்சரின் மனைவி விளையாட்டாகத் தங்களுக்கும் ஓட்டம் பார்த்தாராம். அடுத்த கூட்டத்தொடரிலேயே சட்டத்தை எடுத்துவிட்டார்கள். ஆரணி அந்தச் செம்பட்டைத் தலை ஓவனைக் கட்டினாள். பொருத்தமும் பார்க்கவில்லை, ஓட்டமும் பார்க்கவில்லை. கொத்துரொட்டிக் கடையில்தான் விருந்து. செல்வராணி அக்கா மகனோடு வேறு நகரத்துக்கு, தனி வீட்டுக்குப் போனார். அங்கே சுவருக்கு அங்கால் யாரும் இல்லையென்று வாரத்துக்கு மூன்று தரம் ரெலிபோன் எடுத்து அழுகிறார். அக்சரா படிப்பு முடித்து மேற்குக் கரையில் வேலை கிடைத்துப் போனாள்.

ஒவ்வொரு ஞாயிறும் சுவர்த் திரையில் வருவாள், நெஞ்சுக்கு மேலே. "நான் நல்லா இருக்கிறன் அப்பா" என்பாள்.

"எழும்பி நில்லு பிள்ளை" என்பான் மயூரதன்.

அவள் அலுத்துக்கொண்டு எழும்புவாள். பின்னால் போய், தலையிலிருந்து கால்வரை காட்டி, ஒரு சுற்றுச் சுற்றுவாள். போன ஞாயிறும் அப்படித்தான் சுற்றினாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இடது கை மட்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"அந்தக் கையையும் காட்டு" என்றாள் நிரோஜினி.

அக்சரா காட்டவில்லை. பக்கத்து அறையில் ஒரு ஆண் குரல் மெதுவாக இருமியது. பிறகுதான் கை முன்னால் வந்தது. விரலில் மோதிரம்.

"தையில பதிஞ்சனாங்கள்" என்றாள். "நீங்கள் ரெண்டு பேரும் யோசிப்பியளெண்டுதான் சொல்லேல்ல."